கல்வீட்டுப் பாதைக்கு மூன்றாவது கையெழுத்து

பாசமுள்ள நெட்டைத் தங்கைக்குக் குட்டை அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் சுகம். என் இடது முழங்கால் மட்டும் சுகமில்லை, அதை ஒரு ஆளாகச் சேர்த்துக்கொள்ளாதே. நான்கு வருஷமாக என்னோடு பேசாதவள் இதைக் கிழிக்கத்தான் பார்ப்பாய். உறைக்குள் ஒரு படிவமும் இருக்கிறது. கிழிப்பதென்றால் என் கடிதத்தை மட்டும் கிழி.

ஓடைப் பலகைப் பாலத்தைத் தாண்டிக் கல்வீட்டுக்குப் போகிற நம் ஒற்றையடிப் பாதையை அடைத்துவிட்டார்கள். நிலத்தைப் புதிதாக வாங்கிய ஆட்டுப்பண்ணைக்காரர் குறுக்கே இரும்புக் கேட் போட்டுப் பூட்டிவிட்டார். போன வருஷம் ஒரு ஆராய்ச்சிக்காரர் வந்து, கல்வீடு என்று நாம் ஏறி உட்கார்ந்து காற்று வாங்கிய அந்தக் கல் மூவாயிரம் வருஷத்துக் கல்லறையின் மூடி என்று சொல்லிவிட்டுப் போனார். பார்க்க ஆள் வந்தால் ஆடு மிரளும் என்று பண்ணைக்காரருக்குப் பயம்.

நான் விடவில்லை. சலவைக்கூடத்தில் ஆறு நாள் ஆஸ்பத்திரிப் போர்வைக்கு இஸ்திரி போடுகிறேன், ஏழாம் நாள் கேட்டில் ஏறுகிறேன். பதினொரு வாரம் ஆயிற்று. முதல் வாரம் பாவாடை கிழிந்தது, இரண்டாம் வாரம் உன் அத்தானின் கால்சட்டையைப் போட்டுக்கொண்டேன். பண்ணைக்காரர் ஒரு நாள் ஓடி வந்து, என்னம்மா இந்த வயசுல கேட் ஏறிக் குதிக்கிறீங்க என்றார். திறந்து வைங்க தம்பி, குதிக்க மாட்டேன் என்றேன். அங்க கல்லைத் தவிர என்ன இருக்கு என்று கேட்டார். வீட்டுல என் புருஷன் இருக்கார், அவரும் அப்படித்தான், விட்டுட்டா போயிட்டேன் என்றேன். மனிதர் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

ஆனால் குதித்தால் மட்டும் போதாதாம். பாதையை வரைபடத்திலிருந்தே எடுக்கச் சொல்லி அவர் மனுக் கொடுத்திருக்கிறார். இருபது வருஷத்துக்கு மேல் அதில் நடந்த மூன்று பேர் இருபதாம் தேதிக்குள் எழுதிக் கொடுத்தால்தான் பாதை நிற்கும். இல்லாவிட்டால் அது பாதையே இல்லை. சலவைக்கூடத்துப் பெண்கள் எல்லாரும் நேற்று வந்தவர்கள். நான் ஒருத்தி, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருத்தர். மூன்றாவது ஆள் நீதான், வேறு யாரும் உயிரோடு இல்லை.

நில அலுவலகத்து எழுத்தர் நல்ல பையன்தான், கொஞ்சம் அவித்த உருளைக்கிழங்கு முகம். படிவத்தில் எதற்காக நடந்தீர்கள் என்று ஒரு கட்டம். சும்மா என்று எழுதினேன். சும்மான்னு எழுதினா மேல திருப்பி அனுப்பிடுவாங்கம்மா, வேலைக்கா, ஆடு மேய்க்கவா, கும்பிடவா என்று குடைந்தான். வேலைக்குப் போக ரோடு இருக்குப்பா, சும்மா போகத்தான் அந்தப் பாதை என்றேன். உள்ளே போய்ப் பெரியவரைக் கேட்டு வந்து, சும்மா செல்லும் என்றான். நீயும் அதையே எழுது.

கடைசிக் கட்டம்தான் உன்னை இடிக்கும். நடப்பதை நிறுத்தியிருந்தால் காரணம் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். கால்வலி, வேலை, ஊர் மாறினேன் என்று ஏதாவது எழுதி என்னைக் காப்பாற்றப் பார்ப்பாய். உன் குணம் எனக்குத் தெரியாதா.

நீ கடைசியாக அங்கே வந்த அன்றைக்கு, உன் வீட்டுக்காரர் உன்னை விட்டுப் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. சலவைக்கூடத்துப் பெண்களோடு நாம் கல்லில் சாய்ந்து உட்கார்ந்திருந்தோம். உள்ளே படுத்திருப்பவன் இத்தனை காலமாக இடத்தை விட்டு அசையவில்லை, உன் ஆளுக்கு மூன்று வருஷம் தாங்கவில்லையே என்றேன். அந்தப் பெண்கள் நாலு பேரும் சிரித்தார்கள். நீ செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாய். தண்ணீர் பிடிக்கப் போகிறாய் என்று நினைத்து அரைமணி நேரம் பாட்டில்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், மடச்சி. அந்த வாரமே நீ ஊரை விட்டுப் போனாய். எல்லாரையும் சிரிக்க வைக்கிறேன் என்று உன்னை மட்டும் அழ வைத்தேன். இதை நேரில் சொல்ல வந்தால் நடுவில் ஒரு கேலி புகுந்துவிடும், அதனால்தான் தாளில் எழுதுகிறேன்.

எழுத்தரிடம் கேட்டுவிட்டேன். நிறுத்தியதற்குக் காரணம் வேலியாகவோ பூட்டாகவோ இருந்தால்தான் நம் படிவம் செல்லாதாம். ஒரு மனுஷியின் வாய் காரணம் என்றால் என்று கேட்டேன். பேனாவைக் கீழே வைத்து யோசித்துவிட்டு, வாய் வேலியில சேராதும்மா என்றான்.

ஆகவே உள்ளதை எழுது. அக்காவின் வாய் என்று எழுதிக் கையெழுத்துப் போடு. நானே கொண்டுபோய்க் கொடுத்து, அவன் சத்தமாகப் படிக்கிற வரை அங்கேயே நிற்பேன். நீ போட்டாலும் போடாவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை ஏறத்தான் போகிறேன்.

அங்கே உன் காலும் மனசும் நன்றாக இருக்கட்டும். தபாலில் போட்டால் மூன்று நாள் ஆகும். பஸ்ஸில் ஒரு ராத்திரிதான்.

இப்படிக்கு,
வாயை மூடிக்கொண்டு காத்திருக்கும்
உன் அக்கா