பின் சீட்டில் என் வீட்டுக்காரர்

பிப்ரவரி 3, திங்கள்

பள்ளிக்கூட வேனின் சாவியை ஒப்படைத்துவிட்டேன். அவர்கள் புது பஸ் வாங்கிவிட்டார்கள். எனக்கு ஒரு சுவர்க் கடிகாரம், ஒரு கைதட்டல், முடிந்தது கதை. அழவில்லை. அடுத்த திங்கட்கிழமை சுற்றுலா நிறுவனத்தில் வண்டி ஓட்டிக் காட்ட வேண்டும். முதலாளியம்மாவே கூட வருவாராம். தேறினால் வாரத்தில் ஐந்து நாள் தீவைச் சுற்றும் கடற்கரைச் சாலையில்தான் குடித்தனம். இத்தனை வருஷம் அதே தெருக்களைச் சுற்றிச் சுற்றி வந்தவளுக்கு இந்த ஆசை வராதா என்ன?

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "கண்டிப்பா போ" என்றார், தலை நிமிராமல். கையில் யாரோ ஒருவருடைய மேல்வரிசைப் பல். பல் மருத்துவர்களுக்காகப் பல் செட் செய்து கொடுக்கிறார், முன்னறைதான் பட்டறை. மகளும் வெளிநாடு போன பிறகு அந்த அறையில் வானொலியும் அவரும்தான். பேச்சு மட்டும் காசு கொடுத்து வாங்குகிற மாதிரி.

பிப்ரவரி 5, புதன்

யோசனை அவருடையது! "ஒரு தடவை ஒத்திகை பாத்துடலாம். நீ டிரைவர், நான் கஸ்டமர். பின்னாடி உக்காந்துக்கறேன்." என் தம்பி தன் வேனைக் கொடுத்துவிட்டான். நாளைக்குக் கிளம்பி, வழியில் தங்கித் தங்கித் தீவைச் சுற்றிவிட்டு ஞாயிற்றுக்கிழமை திரும்புகிறோம். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் இருவரும் சேர்ந்து போகும் முதல் ஊர்சுற்றல் இது. அதிலும் இவர் பின் சீட்டில்.

பிப்ரவரி 6, வியாழன்

ஏறும்போதே, "நான் ரிட்டயர்டு ஜட்ஜ், டிரைவரம்மா. மேல் செட் கொஞ்சம் லூசு" என்றார். வழி நெடுக டக் டக்கென்று பல்லைத் தட்டிக்கொண்டே பேசினார். இந்த மனுஷனுக்குள் இப்படி ஒரு நடிகர் இருப்பது தெரியாமலா இத்தனை காலம் சமைத்துப் போட்டேன்?

எனக்குத்தான் மானம் போனது. ஜன்னலில் கை வைத்த நீதிபதியை, "கைய உள்ள வை!" என்று அதட்டினேன். மலைமுனையில் கீழே பச்சையும் நீலமுமாகக் கடல் விரிந்து கிடக்கிறது, நான் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டு போகிறேன்.

"அம்மா, இதப் பாக்கத்தானே பணம் கட்டினேன்?"

"இறங்கி ஏறினா லேட்டாயிடும், எல்லாரும் உள்ளயே இருங்க!"

சொன்ன பிறகுதான் உறைத்தது. பள்ளிக்கூட மணிக்கு ஓடியே பழகிய கால், நிறுத்தத் தெரியவில்லை. கண்ணாடியைப் பார்த்தால், அதையும் பின் சீட்டுக் குறும்புப் பிள்ளைகளை வேவு பார்க்கிற வாக்கில் திருப்பி வைத்திருக்கிறேன். இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

பிப்ரவரி 7, வெள்ளி

இன்று அவர் புதுமாப்பிள்ளை. மனைவி ஹோட்டலில் தூங்குகிறாளாம்! கண்ட இடமெல்லாம் நிறுத்தினேன். படகுத்துறை, உப்பங்கழி, தென்னைகள் சாய்ந்து தண்ணீரைத் தொடுகிற அந்த வளைவு. திங்கட்கிழமை ஒரு கை பார்த்துவிடுவேன்.

பிப்ரவரி 8, சனி

மழை விட்டதும் நண்டுகள் சாலையைக் கடக்க ஆரம்பித்தன. காட்டுப் பக்கத்திலிருந்து கடலுக்கு, சிவப்புச் சிவப்பாக, சாலையே தெரியாமல். எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம்.

"இன்னைக்கு நீங்க யாரு சார்?"

"ஒரு வியாபாரி. பல்லெல்லாம் நல்லா இருக்கு. மனசுலதான் கொஞ்சம் சங்கடம்."

"என்னவாம்?"

"வீட்டுக்காரி ஊர் ஊரா போற வேலைக்குப் போகப்போறா. சாயங்காலம் கேட்டுக்கு வெளிய இருந்தே சத்தம் போட்டுக்கிட்டு வருவா. அந்தச் சத்தம் கேட்டாதான் நான் வேலைய மூடி வெப்பேன். இனிமே எப்ப மூடறதுன்னு தெரியல."

திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நிறுத்திவிடுவார்.

"இத அவங்ககிட்ட சொல்ல வேண்டியதுதானே, சார்?"

"சொன்னா போகமாட்டா. அவ போகணும், டிரைவரம்மா."

நண்டுகள் போய்க்கொண்டே இருந்தன. கடைசியில் நான் சொன்னேன், "ஏங்க, முன்னாடி வந்து உக்காருங்க. உக்காந்து அத என்கிட்ட சொல்லுங்க."

வந்தார். உட்கார்ந்தார். சீட் பெல்ட்டைப் போட்டார். பிறகு, "வழி விட்டாச்சு, எடு" என்றார். அவ்வளவுதான்!

பிப்ரவரி 9, ஞாயிறு

வீடு வந்து சேர்ந்தோம். எனக்குக் கோபம் அடங்கவே இல்லை. என்ன மனுஷன் இவரு! ஊர் பேர் தெரியாத டிரைவருக்குச் சொல்வாராம், கட்டினவளுக்குச் சொல்லமாட்டாராம். எத்தனை நாளா உள்ளயே வச்சிருந்தாரோ... நான்தான் ஒரு தடவையாவது கேட்டேனா?

போகாமல் இருந்துவிடலாமா என்று காலையில் ஒரு நினைப்பு. காபி குடித்து முடிப்பதற்குள் அதைத் துரத்திவிட்டேன். இங்கேயே உட்கார்ந்தால் நாளெல்லாம் அவரைத்தான் கடித்துக் குதறுவேன். போகிறேன். ஆனால் அந்த ஒரு வார்த்தை எனக்கு வேண்டும், என் முகத்தைப் பார்த்து. அதுவரை விடப்போவதில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

வேலை கிடைத்துவிட்டது!

மலைமுனைக்கு முன்னால், குறுகலான வளைவில் ஒரு பெரிய பஸ் எதிரே வந்து நின்றது. முதலாளியம்மாவின் கை சீட்டை இறுக்கிப் பிடித்தது. "பின்னால எடுக்க வருமா?"

"ஸ்கூல் வாசல்ல பெத்தவங்க காரெல்லாம் குறுக்கும் நெடுக்குமா நிக்கும் மேடம். அதுலயே எடுத்தவ நான்."

கல்லில் உரசாமல் பின்னால் எடுத்தேன். பஸ் போனதும் முனையில் நிறுத்தி, கதவைத் திறந்து, "இறங்கிப் பாருங்க மேடம், அவசரமில்ல" என்றேன். அந்த அம்மா இறங்கிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

வீட்டுக்காரரிடம் சொன்னதும் என் தோளைத் தட்டினார். கண் கலங்கியிருந்தது. "தூசி" என்றார்.

பிப்ரவரி 16, ஞாயிறு

பெட்டி கட்டியாயிற்று. அவர் இன்னும் வாய் திறக்கவில்லை. கல்லுளிமங்கன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

முதல் பயணம், இரண்டாம் நாள். பயணிகள் நல்ல மாதிரி. அவர்கள் சித்தப்பா என்று கூப்பிடும் ஒருவர் மட்டும் பாட்டுப் பாடுகிறார், பொறுத்துக்கொள்கிறேன்.

சாயங்காலம் விடுதிப் படியில் உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. எடுத்தால் மூச்சுச் சத்தம் மட்டும்.

"இன்னைக்கு யாரு சார்?" என்றேன்.

"யாருமில்ல. நான்தான்." நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு, "நீ இல்லாம வீடு நல்லாவே இல்லடி."

அழுதுவிட்டேன். சத்தமாகவே. திரும்பி வந்துவிடட்டுமா என்று நான் கேட்கவில்லை. வா என்று அவரும் சொல்லவில்லை.

"வெள்ளிக்கிழமை வந்துடுவேன்" என்றேன்.

"தெரியும். இன்னைக்கு எங்கெல்லாம் நிறுத்தின? சொல்லு."

உள்ளேயிருந்து சித்தப்பா சாப்பிடக் கூப்பிட்டார். "நீங்க ஆரம்பிங்க, வீட்டுக்காரர் பேசறார்" என்று சொல்லிவிட்டு, தூணில் சாய்ந்து வசதியாக உட்கார்ந்தேன்.