பச்சைத் தண்ணீரில் போன கறை

மகனுக்கு அம்மா எழுதுவது. நீ நலமாகத்தான் இருப்பாய், உனக்கென்ன குறை. இங்கே நலம் என்று பொய் எழுத எனக்கு வரவில்லை, அது உனக்கும் உன் அப்பாவுக்கும் வந்த கலை.

அவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், மூக்கில் ஆக்சிஜன் குழாய். பெயர்ப்பலகை எழுதுகிறவர் துணியில் சிவப்பு இருந்தால் யார் பயப்படுவார்கள், நானும் பெயிண்ட் என்றுதான் நினைத்தேன், இந்தக் கடைக்காரர்களுக்குப் பலகையில் எழுத வேறு நிறமே கிடைக்காதா என்று திட்டிக்கொண்டே மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் துவைத்தேன். போன வாரம் மண்ணெண்ணெய் இல்லாததால் அவர் கைக்குட்டையைச் சும்மா பச்சைத் தண்ணீரில் போட்டேன், கறை அப்படியே கரைந்து வந்துவிட்டது. எந்தப் பெயிண்ட் தண்ணீரில் போகும்? கேட்டால் பல்லில் ரத்தம் என்றார், அதையும் மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார், முகம் வெளுத்துக் கிடந்தது. உன் அக்காவும் நானும் இழுத்துக்கொண்டு போனோம்.

டாக்டரம்மா எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் வெள்ளையாகப் படர்ந்திருப்பதைக் காட்டினாள். இருமலில் வெளியே வரும் ரத்தம் கொஞ்சம்தான், மீதி நுரையீரலுக்குள்ளேயே தேங்குகிறது, அதனால்தான் உடம்பில் ரத்த அளவு இப்படி இறங்கியிருக்கிறது என்றாள். நுரையீரலுக்குள் குழாய் விட்டு உப்புத்தண்ணீர் ஊற்றி உறிஞ்சிப் பார்த்தார்களாம். அலச அலசத் தண்ணி தெளியணும்மா, இவருக்கு அலச அலச சிவப்பு ஏறுது, உள்ளதான் கசியுது என்றாள். உடம்பே தன் நுரையீரலைப் பகையாக நினைத்து அடிக்கிற நோயாம். மருந்து ஏற்றுகிறார்கள், கேட்குமா என்று இன்னும் சொல்லவில்லை.

எப்போதிருந்து இப்படி என்று அவள் கேட்டபோதுதான் மனிதர் வாயைத் திறந்தார். பையனுக்குத் தெரியும், முதல்ல ரத்தம் வந்தப்பவே சொல்லிட்டேன், அம்மாகிட்ட மூச்சு விடாதேன்னேன் என்றார். கூட்டுக் களவாணிகளா, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தீர்களே. போதாக்குறைக்கு நீ ஒரு இருமல் மருந்தின் பெயரும் சொல்லிக் கொடுத்தாயாம். வாராவாரம் என்னிடம் மழையா வெயிலா என்று விசாரித்தாய், இதைச் சொல்ல நாக்கு எழவில்லை. அப்பாவுக்குக் கொடுத்த வாக்காம். அந்த வாக்கை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

நேற்று உன்னோடு பேச வேண்டும் என்று போனைக் கேட்டார், நான் தரவில்லை. நீங்கள் போனில் பேசியது போதும். அவரோடு பேசணும் என்றால் வா, வந்து என் எதிரில் உட்கார்ந்து பேசு.

நீ நன்றாக இரு, கோபத்திலும் பெற்ற வாய்க்கு அதுதான் வருகிறது. வரும்போது கைக்குட்டை வாங்கி வா, எல்லாம் வெள்ளையாக இருக்கட்டும். இனிமேல் அவர் இருமுவதை நான் பார்க்க வேண்டும்.

யாரும் எதுவும் சொல்லாத
உன் அம்மா