கிளிப்பச்சை நைலக்ஸ்

அக்கா,

நேற்று காலை உங்கள் மகள் வந்திருந்தாள். உங்கள் காரியமெல்லாம் முடிந்து பீரோவை ஒழித்தார்களாம். பழைய செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். "உங்க கிட்ட குடுக்கணும்னு அம்மா இது மேல எழுதி ஒட்டியிருக்காங்க ஆன்ட்டி. எனக்கு ஒண்ணும் புரியல" என்றாள். பிரிப்பதற்கு முன்பே அந்துருண்டை வாசனை வந்துவிட்டது. உள்ளே இருப்பது என்னவென்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பிரித்தேன். கிளிப்பச்சையில் பெரிய வெள்ளைப் பூ போட்ட ஜப்பான் நைலக்ஸ். ஒரு நூல்கூட நைந்து போகவில்லை. பாழாய்ப்போன புடவை, மனுஷர்களையெல்லாம் அனுப்பிவிட்டு அது மட்டும் அப்படியே இருக்கிறது.

நாவலூர் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் பேத்தி எட்டிப் பார்த்தாள். "செமயா இருக்கு பாட்டி! யாரோடது?"

"டிவியில நியூஸ் படிச்சவங்க கட்டினது."

"எந்த சேனல்?"

எந்த சேனலாம்! இருந்ததே ஒன்று, அதில் எங்களுக்கு முகம் என்றால் நீங்கள் ஒருத்திதான் என்று இந்தக் குழந்தைக்கு எப்படிச் சொல்ல? உங்கள் ரவிக்கைக் கழுத்து மாதிரியே வேண்டும் என்று தாம்பரம் மார்க்கெட் டெய்லரிடம் பெண்கள் சண்டை போட்டார்கள். ஸ்டேஷனில் நீங்கள் ரயிலுக்கு நின்றால் கீரைக்காரம்மா கூட விடமாட்டாள். "இன்னாம்மா, நாளிக்கு மழ கீதா?" என்பாள். "நான் படிக்கிறவதாம்மா, பெய்ய வைக்கிறவ இல்ல" என்று சிரிப்பீர்கள்.

ஊரே அரசியாகக் கொண்டாடிய உங்களுக்குக் கட்டப் புடவை போதாது என்பது சேலையூரில் எங்கள் தெருவுக்கு மட்டும் தெரிந்த ரகசியம். "அதே புடவைய மறுபடி கட்டினா லெட்டர் போடறாங்கடி" என்று ஒரு நாள் தலையில் கைவைத்து உட்கார்ந்தீர்கள். அன்றிலிருந்து தெருவே உங்களுக்குப் பீரோ ஆனது. கல்யாணப் புடவையைக்கூட முறைபோட்டுக் கொடுத்தோம். சின்னக் கட்டம் ஆகாது, டிவி திரையில் பூச்சி பறப்பது போல் தெரியும். பெரிய பூ என்றால் எடுப்பாக இருக்கும். அன்றைக்கு யார் புடவையோ அந்த வீட்டுக்காரிக்கு எங்கள் வீட்டில் டிவிக்கு நேர் எதிரே இடம். தெருவில் டிவி இருந்தது எங்கள் வீட்டில்தானே. சரக்குக் கப்பலில் வேலை பார்த்த என் அண்ணன் தாஸ் வாங்கிப் போட்டது.

இந்த நைலக்ஸும் அவன் கொண்டுவந்ததுதான். ஒரு தடவைகூட நான் கட்டவில்லை. அவன் மறுபடி கப்பலேறிப் போன பிறகு, மடிப்புக் கலையாமல் உங்களிடம் கொடுத்தேன்.

அன்று நேர் எதிரே உட்கார்ந்தவள் நான். நீங்கள் வணக்கம் சொன்னதுமே வீடு ரெண்டுபட்டது. "ஐயோ, பாரேன்! பூ எப்படித் தெரியுது பாரு!" "தாஸ் கண்ணால பாக்கணும்டி!" அம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். நடுவில் ஒரு இடத்தில் நீங்கள் சற்று நிறுத்தி, தோளில் கைவைத்து முந்தானையைத் தொட்டீர்கள். எனக்காகத்தான் தொட்டுக் காட்டுகிறீர்கள் என்று நினைத்தேன். கைதட்டினேன் அக்கா. எல்லோரும் சேர்ந்து தட்டினார்கள். நீங்கள் படித்ததில் ஒரு வார்த்தைகூட எங்கள் காதில் விழவில்லை.

மறுநாள் விடிந்ததும் வாசலில் வந்து நின்றீர்கள். கண் வீங்கியிருந்தது. "அம்மா எப்படி இருக்காங்க? நேத்து கேட்டீங்கல்ல?" என்றீர்கள்.

"பாத்தோம்க்கா! அமர்க்களம் போங்க! தெருவே கைதட்டுச்சு!"

உங்கள் முகம் அப்படியே செத்துப் போனது. ஊருக்கெல்லாம் வெள்ளத்தையும் சாவையும் நடுங்காமல் படித்த வாய் எங்கள் வாசற்படியில் திறக்க மாட்டேன் என்றது. மூன்று தடவை ஆரம்பித்தீர்கள். கடைசியில்தான் சொன்னீர்கள்: தாஸின் கப்பலோடு புயலில் தொடர்பு அறுந்துவிட்டது, தேடுகிறார்கள். படிக்கப்போகும்போதுதான் தாள் கைக்கு வந்ததாம். நான் நூறு தடவை பீற்றிக்கொண்ட கப்பலின் பெயர் அதில் இருந்ததாம். தெருவில் ஒருவர் வீட்டிலும் போன் கிடையாது. "அவன் வாங்கின பொடவைய கட்டிக்கிட்டு நானே படிச்சேன்டி, நானே படிச்சேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதீர்கள்.

அம்மா அழவில்லை. "தேடறாங்கன்னுதானே சொன்னாங்க?" என்று உங்களையே கேட்டாள். என்ன செய்வீர்கள் பாவம். வாயில் வந்ததைச் சொன்னீர்கள். "பொடவை என்கிட்டயே இருக்கட்டும்மா. நல்ல சேதி வந்தா அன்னிக்கு இதைத்தான் கட்டிக்கிட்டு டிவியில வருவேன்."

அந்த ஒரு வாக்கைப் பிடித்துக்கொண்டு அம்மா தினம் உட்கார்ந்தாள். செய்தி ஆரம்பிக்கும், உங்கள் தோளைப் பார்ப்பாள், "இன்னிக்கு இல்ல" என்று சொல்லிவிட்டு ஜெபம் பண்ண எழுந்து போவாள். யார் ஜெயித்தார்கள், யார் தோற்றார்கள், எதுவும் அவளுக்கு வேண்டாம். நீங்களும் அதற்குப் பிறகு பெரிய பூப் போட்ட புடவையைத் தொடவே இல்லை. அம்மா ஏமாந்துவிடுவாளோ என்ற பயம் உங்களுக்கு. கப்பல் கம்பெனி வருஷக்கணக்கில் தேடிவிட்டுக் கையை விரித்தது. கலர் டிவி வந்தபோது அம்மா சொன்னாள்: "நல்லதா போச்சு, இனிமே பச்சைனு தெளிவா தெரியும்." நான் அடுப்படிக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

அம்மா படுத்த படுக்கையான வாரம் உங்களிடம் ஓடி வந்தேன், ஞாபகம் இருக்கிறதா? "ஒரே ஒரு நாள் அதை கட்டிக்கிட்டு டிவியில வாங்கக்கா. அம்மா நிம்மதியா கண்ண மூடட்டும்" என்று கெஞ்சினேன். நீங்கள் பீரோவைத் திறந்தீர்கள், புடவையை எடுத்தீர்கள், மடியில் வைத்து மடிப்பை நீவினீர்கள். பிறகு, "அந்த எடத்துல உக்காந்து பொய் சொல்ல எனக்கு வராதுடி. உங்கம்மா நம்பறதே அதனாலதான்" என்றீர்கள்.

அன்று மாலை நீங்கள் சாம்பல் நிறப் புடவையில் டிவியில் வந்தீர்கள். அம்மா பார்த்தாள். "இன்னிக்கு இல்ல" என்றாள். மூன்றாம் நாள் போய்விட்டாள். ஒரு வருஷம் உங்களோடு நான் பேசவில்லை. எந்த மகராசி இப்படிக் கல்நெஞ்சாக இருப்பாள் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிறகு நானே வந்து உங்கள் வீட்டுக் கதவைத் தட்டினேன். நீங்கள் உள்ளே கூப்பிட்டுக் காபி போட்டீர்கள். நீங்கள் செய்தது சரியா தப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை அக்கா. புடவையைத் திருப்பிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை, கொடுக்க உங்களுக்குக் கை வரவில்லை.

பேத்தி கட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று நான் போட்ட சத்தத்தில் பயந்துவிட்டாள், பாவம்.

நேற்று சாயங்காலம் டிவியைப் போட்டேன். செய்தி படிக்க ஒரு சின்னப் பெண் வந்தாள். பழக்கதோஷம், முதலில் அவள் தோளைத்தான் பார்த்தேன். "இன்னிக்கு இல்ல" என்று எழுந்திருக்கப் போனவளுக்கு அப்புறம்தான் உறைத்தது. புடவை என் மடியிலேயே இருந்தது.