கப்பக்காரவுக மவுத்தான அன்னைக்கு

திண்டுக்கல்,
வெள்ளிக்கிழமை, அசர் தொழுகைக்குப் பிறகு.

அன்பு மகள் தஹ்சீனுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் அம்மாவும் பிரியாணிக் கடையும் அல்லாஹ்வின் காவலில் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீ அந்த ஜெர்மனிக் குளிரில் சளி காய்ச்சல் அண்டாமல் நேரத்துக்குச் சாப்பிட்டு வேலைக்குப் போய்வர துஆச் செய்கிறேன். தினமும் போனில் முகம் பார்த்துத்தான் பேசுகிறோமே, அத்தா எதற்கு மசாலாப் பொடி பார்சலுக்குள் காகிதத்தை மடித்து வைத்திருக்கிறார் என்று நினைப்பாய். போன் வந்தால் உன் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள், ஸ்பீக்கரில் போடச் சொல்கிறாள், இதை அவள் காதில் விழும்படி பேச முடியாது. கடையில் இருந்து பேசலாம் என்றால் அங்கே அம்புட்டுப் பேருக்கும் காது நீளம். மெசேஜில் அடிக்க எனக்கு விரல் ஓடாது. அதனால்தான் பேனா எடுத்தேன். என் அக்கா, உன் சைதூன் மாமி, கண் ஆபரேஷன் முடிந்து நன்றாக இருக்கிறாள், கறுப்புக் கண்ணாடியை மட்டும் கழற்றமாட்டேன் என்கிறாள், அதில்தான் அழகாக இருக்கிறாளாம்.

உன் வருத்தம் எனக்குத் தெரியும். போன மாதம் ஒரு நாள் நீ வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் உன் அம்மா மாற்றி மாற்றிக் கூப்பிட்டிருக்கிறாள், நீ ரயிலில் இருந்து எடுத்தபோது ஒன்றும் சொல்லாமல் ஓவென்று அழுதுவிட்டு வைத்துவிட்டாள். அப்போது கேட்டதற்கு பிரஷர் கூடிவிட்டது என்று சொல்லி மழுப்பினேன். அதற்குப் பிறகு தினமும் கையைக் காட்டு, ஜன்னலைத் திற, வெளியே மழை பெய்கிறதா காட்டு என்று உன்னைப் போட்டுக் குடைகிறாள். அம்மா என்ன என்னைப் போலீஸ் மாதிரி விசாரிக்கிறாங்க, என் மேல் சந்தேகமா என்று எனக்குத் தனியாக மெசேஜ் போட்டிருந்தாய். சந்தேகம்தான் மகளே, ஆனால் நீ நினைக்கிற சந்தேகம் இல்லை. அதைச் சொல்ல வேண்டும் என்றால் அந்தக் கப்பல் சீரியலில் இருந்துதான் ஆரம்பிக்கவேண்டும்.

உன் அண்ணன் அஸ்பாக்குக்கு அதன்மேல் இருந்த பைத்தியம் நான் சொல்லித்தான் உனக்குத் தெரியவேண்டும் என்பதில்லை. வெளிநாட்டில் வருடக்கணக்காக ஓடும் நாடகம், நம் டிவியில் தமிழில் பேசவிட்டுப் போடுகிறார்கள், நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் ஒரு கப்பல் போய்க்கொண்டே இருக்கும், கரை என்று ஒன்று கிடையாது. அதில் கேப்டனாக வரும் லயனல் பிராட்விக் என்ற அந்த வெள்ளைக்காரப் பெரியவர்தான் அவனுக்கு எல்லாம். அவரைப்போலத் தாடி வைத்தான், அவரைப்போல ஒற்றைப் புருவத்தைத் தூக்கி நம் பிரியாணி மாஸ்டரை மிரட்டினான். கல்லாவுக்குப் பின்னால் அவர் படத்தை ஒட்டினான், நான் கிழித்தேன், மறுபடி ஒட்டினான். பள்ளிவாசல் ஹஜ்ரத் பார்த்தால் என்ன நினைப்பார்லே என்று நான் கத்தினால், ஹஜ்ரத்தும் பார்க்குறாக அத்தா, கதை புரியலைன்னா என்கிட்டத்தான் கேட்பாக என்று சிரிப்பான். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு வெங்காயம் எடுக்கப் போனவன் பைக்கில் திரும்பி வரும் வழியில் என்ன ஆனான் என்பதை நான் திரும்ப எழுதவில்லை.

அவனுக்கு நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடித்து எல்லோரும் கிளம்பியபின் உன் அம்மா டிவி முன்னால் போய் உட்கார்ந்தாள். அவன் பாக்காம விட்ட மிச்சத்தை யாராச்சும் பாக்கணும்ல என்றாள். எனக்கு எரிச்சலாக இருந்தது, ஆனால் அவளைத் தனியாக விட மனசு வரவில்லை, நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்படியே எங்கள் இரண்டு பேரையும் அந்த மனுசன் பிடித்துக்கொண்டார். அவர் யாரையும் வழியில் விட்டுவிட்டுக் கப்பலை எடுக்கமாட்டார், ஒருத்தன் காணோம் என்றால் திருப்பிக்கொண்டு போய்த் தேடுவார், அதுதான் எங்களைப் பிடித்தது என்று நினைக்கிறேன். உன் அம்மா அவரைக் கப்பக்காரவுக என்பாள். அந்த மனுசன் ஒருவாய் சோறு திங்காமத்தான் ஊர் ஊராப் போறாக, நம்ம கடை சாப்பாட்டை ஒரு நாளைக்கு அவுக திங்கணும் என்பாள். இஷா தொழுதுவிட்டு துஆவில் அவர் பெயரையும் சேர்த்துக்கொள்வாள்.

நம் ஜமாத்தில் பெண்கள் அடக்கம் செய்யும் கபர்ஸ்தானுக்குள் போகும் வழக்கம் கிடையாது என்று உனக்குத் தெரியும். அதனால் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து நான் அஸ்பாக்கைப் பார்க்கப் போகும்போது, இந்த வாரம் கதையில் என்ன நடந்தது என்று அவனிடம் சொல்லிவிட்டு வரச் சொல்லுவாள். முதலில் எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஓதி முடித்துவிட்டு, பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, ஏலே அஸ்பாக்கு, இந்த வாரம் கப்பல் இன்ஜின் நின்னுபோச்சுடா, உங்க கேப்டன் சமாளிச்சுட்டாரு என்று ஆரம்பிப்பேன். போகப்போகக் கூச்சம் விட்டுப்போனது. அவன் இருந்தபோதுகூட அவனிடம் அம்புட்டு நேரம் நான் பேசியதில்லை. வீட்டுக்குத் திரும்பினால் உன் அம்மா சொன்னீகளா என்று மட்டும் கேட்பாள், சொல்லிட்டேன் என்பேன், சோறு போடுவாள்.

இப்போது அந்த நாள் விஷயத்துக்கு வாரேன். அஸ்பாக் போனைச் சார்ஜ் போட்டு நான் கல்லாவிலேயே வைத்திருக்கிறேன், அந்தக் கேப்டன் ரசிகர்கள் குரூப்பில் அவன் பெயர் இன்னும் இருக்கிறது. மதியக் கூட்டம் நெருக்குகிற நேரம், அந்தப் போன் விடாமல் சத்தம் போட்டது. எடுத்துப் பார்த்தால் லயனல் பிராட்விக் தூக்கத்திலேயே இறந்துவிட்டார் என்று இருந்தது, பையன்கள் அழுகிற பொம்மையாகப் போட்டுத் தள்ளியிருந்தார்கள். தஹ்சீன், உன் அண்ணன் ஜனாஸா அன்று நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, வந்தவர்களுக்கு நாற்காலி போட்டேன், அவனைக் கிடத்திய சந்தூக்கைத் தோளில் தூக்கினேன், மண் போட்டேன். அன்று வராத அழுகை அம்புட்டும் இப்போது பாக்கிச் சில்லறை எண்ணிக்கொண்டிருக்கும்போது வந்தது. போயிட்டாரே, போயிட்டாரே என்று கல்லா மேலேயே கவிழ்ந்துவிட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையைக் கழுவாமல் எழுந்து நின்றார்கள். பக்கத்துத் தோல் கடை சாகுல் ஹமீது ஓடி வந்தான், யாரு பாய், யாரு போயிட்டாங்க என்று கேட்டான், நான் போயிட்டாரே என்றேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த நல்லவன் எனக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு என் கடை ஷட்டரை இறக்கிவிட்டு நேரே பள்ளிவாசலுக்குப் போன் போட்டுவிட்டான்.

உன் அம்மா அடுப்படியில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாளாம். பள்ளிவாசல் மைக்கில் பிரியாணிக் கடை யாசின் பாய் வீட்டில் மவுத், அடக்கம் செய்யும் நேரம் பின்னர் அறிவிக்கப்படும் என்று சொல்கிறார்கள், பெயர் சொல்லவில்லை. தன் வீட்டு மவுத்தைத் தன் வீட்டில் உட்கார்ந்தே கேட்டிருக்கிறாள். என்னைத்தான் சொல்கிறார்கள் என்று முதலில் நினைத்து என் போனுக்கு அடித்திருக்கிறாள். சாகுல் எடுத்து, பாய் இருக்காரும்மா, அழுதுக்கிட்டுத்தான் இருக்காரு, நான் கூட்டியாரேன் என்று சொல்லி வைத்துவிட்டான். நான் உயிரோடு இருக்கிறேன், நான் அழுகிறேன் என்றால் மீதி யார்? நீ ஒருத்திதானே மகளே. அப்போதுதான் உன்னைக் கூப்பிட ஆரம்பித்திருக்கிறாள். நீ எடுக்கவில்லை. அதற்குள் சைதூன் மாமி தெருமுனையில் இருந்தே மாரில் அடித்துக்கொண்டு வருகிறாள், வாடகை நாற்காலிக்காரன் வண்டியோடு வந்து நிற்கிறான். மார்க்கெட்டில் இருந்து வசூலுக்கு ஊருக்குள் வந்திருந்த வெங்காய மண்டி நல்லுசாமி ரோஜா மாலையோடு வாசலில் நின்று, ஏனுங்க, வெளிநாட்டுல இருந்த பாப்பாங்களா என்று யாரையோ விசாரிக்கிறார், அது இவள் காதில் விழுகிறது. நீ கடைசியில் போனை எடுத்து அம்மா என்றாய், உன் குரலைக் கேட்டும் அவளால் நம்ப முடியவில்லை, அழுதுவிட்டு வைத்துவிட்டாள். சாகுலின் ஸ்கூட்டரில் நான் போய் இறங்கியதும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் சட்டையைப் பிடித்தாள். ரெண்டாவதும் போயிருச்சா என்று கேட்டாள்.

இல்லடி, கப்பக்காரவுகடி என்றேன். என் சட்டையை விட்டாள். என்னை அடித்திருந்தால்கூடத் தேவலை. உள்ளே போய் வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டாள், நல்லுசாமியின் மாலையை வாங்கி அவர் மனம் நோகாமல் ஒரு நாற்காலி மேல் வைத்தாள். எல்லோரும் போனபின் ஒன்றே ஒன்று சொன்னாள். அஸ்பாக்குகிட்ட இதைச் சொல்லிறாதீக, அவன் தாங்கமாட்டான் என்றாள். சரி என்றேன். நாலு நாள் போனால் எல்லாம் ஆறிவிடும் என்றுதான் நினைத்தேன்.

ஆறவில்லை. டிவியில் அந்தக் கப்பல் இன்னும் ஓடுகிறது, அவர் எப்போதோ நடித்த பாகம் இங்கே இப்போதுதான் வருகிறது. மனுசன் மண்ணுக்குள் போய்விட்டார், டிவியில் சிரிக்கிறார், சண்டை போடுகிறார், எல்லோரும் வந்தாச்சா என்று கேட்கிறார். உன் அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் நீ வீடியோவில் பேசி முடித்தாய். போனைக் கீழே வைத்துவிட்டு, இது இப்பப் பேசுறதா, பழசா என்று என்னைக் கேட்டாள். என்னடி பேசுற, அவ இப்பத்தானே உன்கூடப் பேசுனா என்றேன். கப்பக்காரவுகளும்தான் டிவியில நல்லாப் பேசிக்கிட்டு இருக்காக என்றாள். அதனால்தான் மழையைக் காட்டு, கையைக் காட்டு என்கிறாள். நீ காட்டினாலும் நம்பவில்லை. அன்று மைக்கில் சொன்னது பொய் என்று நான் சொன்னதே பொய், அவளுக்காக எல்லோரும் சேர்ந்து மறைக்கிறோம் என்று அவளுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. மதுரைக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டினேன், மாத்திரை கொடுத்திருக்கிறார், போடுகிறாள், தூங்குகிறாள், எழுந்து அதையே கேட்கிறாள்.

இன்று ஜும்ஆவுக்குக் கிளம்பும்போது வாசலில் நிறுத்தினாள். கதை எதுவும் சொல்ல வேணாம். தங்கச்சி அங்க வந்திருக்காளான்னு அவன்கிட்டக் கேட்டுட்டு வாங்க என்றாள். என் பிள்ளையே, கபர் பக்கத்தில் நின்றேன், ஓதினேன், அதைக் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. அப்படியே திரும்பி வந்தேன். அவள் வாசலிலேயே நின்றிருந்தாள், கேட்டீகளா என்றாள். வரலையாம் என்று சொல்லிவிட்டேன். முகம் அப்படியே தெளிந்துவிட்டது, இத்தனை நாளில் நான் பார்க்காத தெளிவு, உட்கார்ந்து என்னோடு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். கை கழுவி வந்து, அடுத்த வெள்ளியும் கேளுங்க என்றாள்.

இதை நான் எத்தனை வெள்ளிக்கு அவளிடம் சொல்லிக்கொண்டிருப்பேன் தஹ்சீன்? லீவு கிடைக்காது, இப்போதுதான் வேலையை நிரந்தரம் செய்திருக்கிறார்கள் என்பாய், எனக்கும் தெரியும், அதற்காகத்தான் இத்தனை நாள் உனக்குச் சொல்லவில்லை. இனி முடியவில்லை. வந்துவிடு. ஒரு வாரம் போதும். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் உடம்பில் பலத்தையும் போகிற வழியெல்லாம் பாதுகாப்பையும் தருவானாக, எனக்கு இருக்கும் மிச்ச வயசையும் சேர்த்து உனக்கே தருவானாக. மசாலாப் பொடியை ஈரக் கை படாமல் டப்பாவில் கொட்டி வை. ஒன்று மட்டும் மறக்காதே, மதுரையில் இறங்கியதும் சந்தோஷத்தில் வீடியோ போட்டுவிடாதே. போனைப் பைக்குள் போட்டுவிட்டு நேரே வீட்டுக்கு வந்து அடுப்படிக்குள் போய் அவள் கையைப் பிடி.

இப்படிக்கு,
உன் அத்தா,
மு. முகமது யாசின்.