‘வந்தாக’ என்றே எழுதிய அக்காவுக்கு

அக்கா,

நேற்று ஆண்டிபட்டியில் பஸ்ஸுக்கு நின்றேன். பக்கத்தில் ஓர் அம்மா போனை வாயருகே வைத்து, "மாப்பிள்ளை வீட்டுலருந்து வந்தாக, நீயும் வெரசா வா" என்று பேசினார். பேசப் பேச எழுத்தாகித் திரையில் ஓடியது. எட்டிப் பார்த்தேன். ‘வந்தார்கள்’ என்று திருத்தாமல் ‘வந்தாக’ என்றே விழுந்திருந்தது. பஸ் வந்தும் ஏறத் தோன்றாமல் நின்றுவிட்டேன்.

செயற்கை நுண்ணறிவைக் கடல் கடந்த நாட்டில் பெரிய படிப்பாளிகள் உண்டாக்கினார்கள் என்று என் பிள்ளைகள் பேசிக்கொள்கிறார்கள். உண்மைதான். ஆனால் அதன் காதில் நம் பேச்சைப் போட்டவர்களில் நீங்களும் ஒருவர். அல்லிநகரத்தில் டயர் கடைக்கு மேலிருந்த அறையில், ஹெட்போனை மாட்டிக்கொண்டு, யார் யாரோ பேசிய பதிவுகளைக் கேட்டு எழுத்தாக டைப் அடித்தோம். ஒலியையும் எழுத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் மெஷின் தமிழ் கற்றுக்கொள்ளும் என்றார்கள். பதிவைத் தள்ளிவிட ஒரு பட்டன் இருந்தது. வட்டார வார்த்தை வந்தால் அதை அமுக்க வேண்டும் என்பது விதி.

ஒருநாள் வருசநாட்டு அம்மா ஒருவரின் பதிவு உங்களுக்கு வந்தது. மகளைப் பிரசவத்துக்காக மலையிலிருந்து கீழே கூட்டிவந்த கதை. திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். மேற்பார்வை பார்த்த தம்பி வந்து நின்றார்.

"தள்ளிட்டுப் போங்கக்கா. வேலை தேங்குது."

"அந்தம்மா தெளிவாத்தேன் பேசுறாக, தம்பி. இதைத் தள்ளிட்டா, நாளைக்கு இவுக பேசுனா எந்த மெஷினுக்குப் புரியும்?"

அன்று மாலையே, வேலை தந்த கம்பெனிக்குக் கடிதம் எழுதினீர்கள். வந்தாக, சொன்னாக, அங்கன, இங்கன என்று ஒவ்வொரு வார்த்தைக்கும் பொருள் போட்டு, இவை பிழையல்ல, எங்கள் பேச்சு என்று முடித்திருந்தீர்கள். என்னிடமும் கையெழுத்துக் கேட்டீர்கள். நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டே மாதம். பயந்துபோய், போட மாட்டேன் என்றேன்.

"பரவாயில்ல ஆத்தா. உனக்குக் கைக்கொழந்தை இருக்கு" என்று தோளைத் தட்டினீர்கள். மறுவாரம் உங்களை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள்.

சில மாதம் கழித்து விதி மாறியது. பேசியபடியே எழுதச் சொல்லி, உங்கள் பட்டியலையே எல்லோருக்கும் அனுப்பியிருந்தார்கள். அதில் உங்கள் பெயர் மட்டும் இல்லை. உடனே போன் போட்டேன். நீங்கள் மதுரையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தீர்கள். புற்றுநோய் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"மாத்திட்டாகளா? அந்த வருசநாட்டம்மா பதிவு இன்னும் கெடந்தா நீயே எழுதிரு ஆத்தா."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "சாப்பிட்டியா?" என்று பேச்சை மாற்றிவிட்டீர்கள்.

எழுதினேன் அக்கா. அதைச் சொல்ல மறுபடி கூப்பிட்டபோது உங்கள் மகன் எடுத்தார். நீங்கள் போய் மூன்று நாளாகியிருந்தது.

நேற்று பார்த்த எழுத்து உங்களால் வந்ததுதான் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் உங்களிடமிருந்து எனக்குள் வந்த ஒன்றைப் பற்றிச் சொல்ல முடியும்.

போன மாதம் என் மாமனாருக்குப் பக்கவாதம் வந்து நாக்குக் குழறியது. அவர் வாய் திறந்தாலே வீட்டில் ஆளுக்கு ஒன்றாய் ஊகித்து அவர் பேச்சை முடித்துவைத்தார்கள். தண்ணியா, மாத்திரையா, டிவி போடணுமா? அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அவசரமில்ல மாமா, இன்னொருக்கா சொல்லுங்க."

நான்காம் முறை சொன்னபோது புரிந்தது. ஜன்னலைத் திறக்கச் சொல்லியிருக்கிறார். எழுந்து போய்த் திறந்தேன்.