படப்பிடிப்புக்காரர்கள் விட்டுப்போன கோயில்

கட்சி வேறானாலும் வயிறு ஒன்றே என்று அம்மா சொல்லிச் சொல்லி அலுத்துப்போன என் அருமை அண்ணே,

அங்கே சௌக்கியமா என்று கேட்கலாமா? 'அங்கே' என்று ஓர் இடமே கிடையாது என்று நாகப்பட்டினம் முதல் மன்னார்குடி வரை மேடை போட்டு முழங்கியவர் நீங்கள். அப்படிப்பட்டவருக்கு எந்த விலாசத்துக்குக் கடிதம் போடுவது? அதனால்தான் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். நீங்கள் படிக்காவிட்டால் போகிறது. நாலு பேர் படித்து, நியாயம் யார் பக்கம் என்று தெரிந்துகொள்ளட்டும்.

முதலில் ஊர்ச் செய்தி. நம் திடலில் இருக்கும் அம்மனுக்கு வருகிற தையில் குடமுழுக்கு. கும்பாபிஷேகம் என்று போடவில்லை, குடமுழுக்கு என்றுதான் நோட்டீஸ். உங்கள் ஆட்கள் கமிட்டியில் இருக்கிறார்கள். முன்மண்டபச் சுவரில் பதிக்கக் கல் வந்து, அதில் 'நிலம் உபயம்' என்று கொத்தியும் ஆகிவிட்டது. கீழே பெயர் மட்டும் இல்லை. உங்கள் பெயரா, என் பெயரா என்று நான்தான் சொல்ல வேண்டுமாம்.

கமிட்டித் தலைவர் செல்லையன் இதற்காக என் வீட்டுக்கு நடையாய் நடந்தார். ஒருகாலத்தில் நம் வயலில் கூலிக்கு இறங்கியவர். இன்று திடலைச் சுற்றியுள்ள நிலத்தில் பாதி அவருடையது, மகன் இன்ஜினியர். அப்போது என்னைச் 'சின்னய்யா' என்றவர் இப்போது 'சார்' என்கிறார். நியாயம்தான். ஆனாலும் கொஞ்சம் உறுத்துகிறது. உங்களிடம் சொன்னால் திட்டுவீர்கள், தெரியும்.

"சார், பேரு இல்லாம உபயம் மட்டும் தனியா நிக்கிது. பாக்குறவனெல்லாம் சிரிக்கிறான்."

"வழக்கு இன்னும் நிலுவையில இருக்கு செல்லையன்."

"வழக்காடுன ரெண்டு பேருல ஒருத்தரு போய்ச் சேந்துட்டாரு. மிச்சம் நீங்க ஒருத்தருதான். சொல்லிட்டுப் போங்க சார்."

எங்கே போகச் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை.

படிக்கிறவர்களுக்குக் கதை தெரிய வேண்டும். நான் சொல்கிறேன், நீங்கள் குறுக்கே பேச வேண்டாம். தரங்கம்பாடிக்கும் பூம்புகாருக்கும் நடுவே, உப்புக்காற்று அடிக்கும் கடைமடையில் எங்கள் நிலம். அப்பா காலமானதும் பாகம் பிரித்தோம். மேற்கே அண்ணன், கிழக்கே நான். நடுவே நெல் விளையாத மேடாக ஒரு திடல், அதில் இரண்டு பனைமரம். அது பத்திரத்தில் எந்தப் பக்கமும் சரியாக வரவில்லை. ஊரே கூலிக்கும் குத்தகைக்கும் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம். உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து பெரிய பண்ணைகள் பிறக்காத பிள்ளையின் பேரிலெல்லாம் நிலம் எழுதிவைத்துக்கொண்டிருந்தன. நாம் இருவரும் ஆடு படுத்து அசைபோடுகிற இடத்துக்காக முன்சீப் கோர்ட்டுக்குப் போனோம்.

சாமிநாதன் என்று அப்பா வைத்த பெயரை அறிவரசன் என்று மாற்றிக்கொண்டீர்கள். கருப்புச் சட்டை போட்டீர்கள். ஐயர் இல்லாமல் அண்ணியைக் கல்யாணம் செய்துகொண்டீர்கள். எல்லாம் சரி. ஆனால் கடவுளை மறுத்த நீங்கள் கதாநாயகிகளை மட்டும் மறுக்கவே இல்லையே, ஏன் அண்ணே? மனோராவிலிருந்து பூம்புகார் வரை கடலோரத்தில் எங்கே கேமரா வைத்தாலும் அங்கே முதல் ஆளாக நின்றீர்கள். அறுவடை நின்றாலும் உங்கள் படப்பிடிப்பு யாத்திரை நின்றதில்லை.

தரங்கம்பாடியில் அப்படி நின்றபோதுதான் அந்தக் கலை இயக்குநரைப் பிடித்தீர்கள். தனியாக ஒரு கோயில், பக்கத்தில் பனைமரம், சுற்றிலும் பச்சை வயல், இப்படி ஒரு பாட்டுக்கு இடம் தேடிக்கொண்டிருந்தார். "எங்க திடல்ல போட்டுக்குங்க" என்று அழைத்து வந்துவிட்டீர்கள். எனக்கா தெரியாது உங்கள் திட்டம்? இடத்தை வாடகைக்கு விட்டவனுக்குத்தான் அனுபோகம் என்று கோர்ட்டில் சொல்லப் பார்த்தீர்கள். பகுத்தறிவாளர் ஒருவர் நிலத்தைப் பிடிப்பதற்காகக் கோயில் கட்ட இடம் கொடுத்த கதை தமிழ்நாட்டில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

பலகையும் சாக்குத்துணியும் பாரிஸ் சாந்துமாக ஒரே வாரத்தில் கோயில் எழும்பியது. உள்ளே ஓர் அம்மன். நான் அப்போதுதான் தஞ்சாவூரில் வரலாற்றில் எம்.ஏ. முடித்து வந்திருந்தேன். சட்டமும் தெரியும் என்ற திமிர் இருந்தது. பாட்டு ஒலிக்க, கதாநாயகி தட்டு ஏந்தி வர, நடுவே போய் நின்று இரண்டு கையையும் தூக்கி, "இது என் இடம்! கேஸ் நடக்குது! எல்லாரும் வெளியே போங்க!" என்று கத்தினேன். பின்னாலிருந்து பாய்ந்து வந்து என் வேட்டியைப் பிடித்து இழுத்தீர்கள். ஊர் முன்னால், ஒரு கதாநாயகி முன்னால், எம்.ஏ. படித்தவனின் வேட்டியை! அன்றோடு உங்களுடன் பேச்சை நிறுத்தினேன். படத்தையும் பார்க்கவில்லை. அது ஓடாமல் போனபோது, என் சாபம் பலித்தது என்று சந்தோஷப்பட்டேன்.

படப்பிடிப்புக்காரர்கள் போய்விட்டார்கள். செட்டைப் பிரிக்க வருவதாகச் சொன்னவர்கள் வரவே இல்லை. நடவுக்குப் போகிற வழியில் செல்லையனின் அம்மா ஒரு விளக்கு ஏற்றிவைத்தார். அந்தப் போகத்தில் கூலி உயர்ந்தது. அடுத்த போகத்தில் விளக்குகள் வரிசையாக எரிந்தன. மழையில் கரைய வேண்டிய அம்மனுக்குக் கீற்றுக்கொட்டகை போட்டார்கள். பிறகு செங்கல், பிறகு கல்சிலை.

நீங்கள் கடப்பாரையோடு கிளம்பியது ஊருக்கே நினைவிருக்கிறது. உங்கள் கிளைச் செயலாளர்தான் ஓடிவந்து மறித்தார்.

"அண்ணே, எலக்சன் வருது. சாமி இல்லன்னு மேடையில எவ்வளவு வேணாலும் சொல்லுங்க. திடல்ல போயிச் சொல்லாதீங்க."

கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு நீங்கள் திரும்பி வந்ததை என் வாசலில் நின்று பார்த்தேன். அந்த வருஷம் நான் சிரித்தது அன்று மட்டும்தான். ஆனால் அடுத்த சிரிப்பு உங்களுடையது. திடலை அளக்கக் கோர்ட் அனுப்பிய வக்கீல் ஆணையர் செருப்பைக் கழற்றிவிட்டு மேலே ஏறினார். கும்பிட்டார். குங்குமம் வைத்துக்கொண்டார். "இங்க கோயிலு இருக்குன்னு ரெண்டு பேரும் சொல்லவே இல்லியே?" என்று நம்மைக் கோபித்துக்கொண்டு போய்விட்டார். அதோடு வழக்கு படுத்ததுதான், இன்னும் எழுந்திருக்கவில்லை.

இப்போது போன வாரத்துக்கு வருகிறேன். அண்ணி பட்டுக்கோட்டையிலிருந்து போன் செய்தார்கள். உங்கள் கருமாதியில்கூட என்னிடம் பேசாத அண்ணி.

"தம்பி, கயலு சிங்கப்பூர்லேந்து வந்துருக்கு. அப்பா போன எடமெல்லாம் பாக்கணுங்குது. கடலோரமா சினிமா எடமாக் காட்டுற வேன் ஒண்ணு இங்கேந்து போகுதாம். நீங்களும் வாங்களேன்."

செல்லையனிடமிருந்து ஒருநாள் தப்பிக்கலாமே என்று ஒப்புக்கொண்டேன். வேறு காரணம் எதுவும் இல்லை. நீங்களாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

வேனில் பாபு என்று ஒரு வழிகாட்டி. கையில் மைக். முதலில் கடலோரத்து மனோராக் கோபுரம்.

"இந்த மாடத்துலேந்துதான் வில்லன் கீழ குதிச்சாரு, நல்லாப் பாத்துக்குங்க!"

"தம்பி, இது தஞ்சாவூர் ராஜா கட்டினது. அதையும் சொல்லணும்ல?" என்றேன்.

"ராஜா கட்டுனது பள்ளிக்கூடத்துலயே சொல்லிடுவாங்க சார். வில்லன் குதிச்சத நான்தான் சொல்லணும்."

எம்.ஏ. வரலாறு வாயை மூடிக்கொண்டது. வேதாரண்யத்து உப்பளத்தில் வேன் நின்றது. வெயிலில் உப்புக் குவியல்கள் கண்ணைக் கூசவைத்தன. இங்கேதான் இமயமலைப் பாட்டு எடுத்தார்களாம். அண்ணி சட்டென்று சிரித்தார்கள்.

"உங்கண்ணனும் பாக்க வந்தாரு தம்பி. அந்தப் பொண்ணு சித்திரை வெயில்ல ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு நடுங்கி நடுங்கி ஆடுச்சாம். இவரு வீட்டுக்கு வந்து, 'பாவம்டி, குளுருல என்ன கஷ்டப்பட்டுது தெரியுமா'ங்கிறாரு!"

கோடியக்கரையில் கலங்கரை விளக்கத்தைப் பார்த்தோம். காதலர்கள் பிரிகிற இடமாம். எந்தப் படத்தில் என்று கேட்டேன், எல்லாப் படத்திலும் என்றான் பாபு. தரங்கம்பாடிக் கோட்டை ஒரு படத்தில் ஜெயில், ஒன்றில் அரண்மனை, ஒன்றில் பைத்தியக்கார ஆஸ்பத்திரி. அந்த மதில்மேல் கயல் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீங்கள் உட்காருவதைப் போலவே ஒரு காலை மடித்து உட்காருகிறாள். அதை யார் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது?

அடுத்தது பூம்புகார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வேன் பாதி வழியில் நம் ஊர் ரோட்டில் திரும்பியது. பாபு வேனில் இருந்த டிவியைப் போட்டான்.

"இப்ப நாம பாக்கப் போறது ஆயிரம் வருசத்துக் கோயிலு! ராஜா காலத்துலேந்து இருக்கு! ரொம்பச் சக்தி வாய்ந்த அம்மன்! எந்த அளவுக்குச் சக்தின்னா, ஷூட்டிங் நடக்கும்போதே ஒரு பக்தருக்கு அருள் வந்துருச்சு. அந்தப் பாட்டுதான் இது. பாருங்க!"

பார்த்தேன் அண்ணே. இத்தனை வருஷம் பார்க்க மாட்டேன் என்றிருந்ததை, இறங்க வழியில்லாத வேனில் உட்கார்ந்து பார்த்தேன். கதாநாயகி தட்டோடு வருகிறாள். அவளுக்குப் பின்னால் ஒல்லியாக ஒருவன், இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கி, கண் சிவக்க, வாய் பிளக்க நிற்கிறான். அவன் கத்தியது கேட்கவில்லை. அந்த இடத்தில் உடுக்கையும் மணியும் சேர்த்திருக்கிறார்கள். பார்ப்பவர்களுக்கு அவன் உருகி உருகி அம்மனை அழைக்கிறான். வேனில் ஒரு பாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"பின்னால குனிஞ்சு ஒருத்தரு பிடிச்சிருக்காரே, கவனிச்சீங்களா? சாமி வந்தவங்க கீழ விழுந்துடாம இப்படித்தான் ஒருத்தர் இடுப்பப் பிடிச்சிக்குவாங்க. அவரும் பெரிய பக்தரு!"

அந்தப் பெரிய பக்தர் கருப்புச் சட்டை போட்டிருந்தார்.

"இது அப்பா!" என்று கயல் எழுந்துவிட்டாள். "சித்தப்பா, இது நீங்கதானே? நிறுத்துங்க நிறுத்துங்க, அத இன்னொரு தடவ போடுங்க!"

பாபு மறுபடி போட்டான். கையைத் தூக்கிய வேகத்தில் என் வேட்டி அவிழ்ந்து இறங்குகிறது. கருப்புச் சட்டை பாய்ந்து வருகிறது. இரண்டு கையாலும் வேட்டியை இடுப்போடு சேர்த்துப் பிடிக்கிறது. கதாநாயகி மூன்று சுற்று சுற்றி முடிக்கிற வரை, தலையைக் குனிந்தபடி அப்படியே பிடித்துக்கொண்டு நிற்கிறது.

"அப்பா உங்கள இழுக்கவே இல்லியே சித்தப்பா. தூக்கியில்ல பிடிச்சிருக்காங்க?"

அண்ணி ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார்கள். "அவரு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. எந்தம்பி மானத்த ஒரு பாட்டு முழுக்கப் பிடிச்சிக்கிட்டு நின்னேன், அவன் என்னடான்னா எம்மேல கோவமா இருக்கான்னு."

"இதை ஏன் அண்ணி என்கிட்ட சொல்லல?"

"நீங்க எங்க தம்பி எங்ககூடப் பேசுனீங்க?"

வெளியே சம்பா கதிர் வாங்கிக்கொண்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். இழுக்கத்தான் வந்திருப்பீர்கள், அவிழ்ந்ததைப் பார்த்துவிட்டுப் பிடித்திருப்பீர்கள் என்று இப்போதும் ஒரு சந்தேகம் எனக்கு உண்டு. அந்தச் சந்தேகத்தை நான் விடுவதாக இல்லை. ஆனாலும் அண்ணே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் பேசவில்லை என்றால் நீங்களாவது பேசியிருக்கக் கூடாதா?

திடலில் வேன் நின்றது. செல்லையன் அங்கேயே இருந்தார், பக்கத்தில் உளியோடு கல் கொத்துபவர். என்னைப் பார்த்ததும், கோயிலை விட்டு ஓடிய பக்தன் திரும்பி வந்ததைப் போல முகம் மலர்ந்தார்.

"சார், அம்மனே கொண்டாந்து விட்டுட்டா பாத்தீங்களா! இன்னைக்காவது சொல்லுங்க. யாரு பேரு?"

அண்ணி கயலின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் பனைமரங்களைப் பார்த்தேன், கோயிலைப் பார்த்தேன், அந்த வெற்றுக் கல்லைப் பார்த்தேன். இந்த இடம் என்னுடையது என்று பாதி ஆயுள் சண்டை போட்டிருக்கிறேன். என் பெயரைச் சொல்லியிருந்தால் வழக்கில் ஜெயித்தது நான். உங்களுக்குத்தான் எதிர்த்துப் பேச வழியில்லையே.

"எழுதிக்குங்க. நிலம் உபயம், அறிவரசன்."

செல்லையன் திகைத்தார். "சார், பெரியவரு சாமி கும்புடாதவராச்சே!"

"அதனால என்ன? இடம் அவருதுதானே."

"அப்ப சாமிநாதன்னே போட்டுடலாமா? பழைய பேரு. கோயிலுக்கும் பொருத்தமா இருக்கும்."

"கூடாது. அப்படிப் போட்டா அவருதான்னு யாருக்குத் தெரியும்? அறிவரசன்னே போடுங்க. பெரிய எழுத்தா."

அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அழுகிறார்கள் என்று பதறிப்போனேன். சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே அண்ணே, திடல் உங்களுடையது. எழுத்து மூலமாக, நாலு பேர் படிக்க, ஒப்புக்கொள்கிறேன். இனி இந்தக் கடலோரத்துக்கு வருகிற சுற்றுலா வேன்கள் எல்லாம் அம்மனுக்கு நிலம் கொடுத்த பெரிய பக்தர் அறிவரசனைக் கும்பிட்டுவிட்டுத்தான் பூம்புகாருக்குப் போகும். கல்வெட்டு அழியாது. உங்களால் கடப்பாரையோடு எழுந்து வரவும் முடியாது. இதை விட்டுக்கொடுத்தல் என்று வைத்துக்கொள்ளுங்கள், பழிவாங்கல் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். எது என்று எனக்கே தெளிவாகத் தெரியவில்லை.

ஒன்று மட்டும் வாக்குக் கொடுக்கிறேன். கல்லில் உங்கள் பெயரைக் கொத்தி முடிக்கும் வரை பக்கத்திலேயே நிற்பேன். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் உங்களுக்குப் பொறுக்காது என்று தெரியும். குடமுழுக்கு அன்று, கொடையாளி குடும்பத்தின் சார்பில் பரிவட்டம் எனக்குத்தான் கட்டுவார்களாம். கட்டிக்கொள்கிறேன். கையைத் தூக்கிக் கும்பிடும்போது வேட்டிக்கு மேலே பெல்ட் போட்டுக்கொள்கிறேன். பிடிக்க இனி யார் இருக்கிறார்கள்?

திடலை விட்டுக்கொடுத்தாலும்
பனைமரம் இரண்டையும் விட்டுக்கொடுக்காத
உங்கள் தம்பி,
கலியபெருமாள்