அவகாசம் வேண்டாம் என்றாய்

நேற்று ரப்பர் உலர்த்திப் பெட்டிக்கான புதுப் பித்தளைத் தகடுகள் வந்தன. கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் என் பேர் பொறித்திருந்தது. எழுதிக் கொடுத்தவனும் நான்தான். பெட்டியைக் கண்டுபிடித்தவன் நீ.

கோயம்புத்தூர் மில்லில் இருபது வருஷம் ஃபிட்டராக இருந்துவிட்டு நீ கேரள எல்லையிலுள்ள நம் பாறசாலைக்குத் திரும்பிய வருஷம் மழை விடவே இல்லை. அம்பூரியிலிருந்து வந்த ரப்பர் ஷீட் முழுக்கப் பூசணம். நான் வழக்கம்போலத் தரம் இறக்கி, விலை குறைத்து வாங்கிக்கொண்டிருந்தேன். நீ என் ரப்பர் கடை மூலையில் சாயா குடித்துக்கொண்டே கேட்டாய்: "மக்கா, நூலு காயவைக்கிய மாதிரி இதயும் பெட்டிக்குள்ள காயவச்சா என்ன?"

அடுத்த மாதம் வீட்டு பீரோவை அறுத்து, விசிறி பொருத்தி, சூட்டுக்காற்று சுற்றி வர வழிவிட்டு ஒன்றைச் செய்து கொண்டுவந்தாய்.

"எலே, உனக்க பெண்டாட்டி இனி துணிய எங்க வைப்பா?"

"அவ துணி கொடியில கெடந்து காயட்டு. ரப்பருக்காக்கும் இப்பம் பீரோ வேணும்."

பல்கலைக்கழக ஆராய்ச்சிப் பூங்காவுக்கு உன்னை அழைத்துப் போனேன். பூங்கா என்றதும் "பூவா விக்கியானுவ?" என்றாய். ஒரு வருஷத்துக்கு மேசையும் கரண்டும் தந்தார்கள். எந்த மூலையில் சூடு வீணாகிறது என்று பொறியியல் மாணவர்கள் அளந்து சொன்னார்கள். காய்ந்த ஷீட்டை ஆய்வகத்தில் இழுத்துப் பார்த்துத் தரம் எழுதித் தந்தார்கள். அவர்கள் இல்லையென்றால் அந்த பீரோ என் கடையைத் தாண்டியிருக்காது. ஓசியில் எவனும் எதுவும் தரமாட்டான் என்றே நினைத்து வியாபாரம் செய்தவன் நான். அங்கே கேட்டது இரண்டே காரியம்: பெட்டியை இந்தப் பகுதியிலேயே செய்ய வேண்டும், கண்டுபிடிப்பு யாருடையது என்று எழுதித் தர வேண்டும்.

அந்த எழுத்து நாளில்தான் நான் கெட்டேன். செய்து விற்பது என் கம்பெனி பேரில் என்று முதலிலேயே பேசியாயிற்று. அடுத்த வரிக்கு வந்ததும் ஆபீஸ் சார் உன்னிடம் கேட்டார்: "நிங்ஙள்க்கு இதில் அவகாசம் வேணோ?"

மலையாளத்தில் அவகாசம் என்றால் உரிமை. தமிழில் அது நேரம். பேச்சு மலையாளம் உனக்குத் தண்ணீராக வரும். காகித மலையாளம் வராது. நீ படித்ததெல்லாம் எல்லையில் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், தமிழில். யோசிக்க நேரம் வேண்டுமா என்று கேட்கிறார் என எடுத்துக்கொண்டாய்.

"அவகாசம் ஒண்ணும் வேண்டாம் சாரே. இப்பமே ஒப்பு வைக்கலாம்" என்று சிரித்தாய்.

சாருக்குச் சந்தேகம். நிச்சயம்தானா என்று என்னைப் பார்த்து "உறப்பல்லே?" என்றார். நிலத் தகராறுக்காக நெய்யாற்றின்கரை கோர்ட்டுக்கு வருஷக்கணக்கில் நடந்தவன் நான். அவகாசம் என்ற சொல் என்னவென்று எனக்குத் தெரியும். தலையாட்டினேன். அந்த வரியில் என் பேர் ஏறியது. திரும்பும் வழியில் நீ வாங்கித் தந்த பழம்பொரியைத் தின்றேன்.

இன்று காட்டாக்கடை பட்டறையில் பதினொரு பெண்கள் பெட்டி செய்கிறார்கள். மீன் காயவைக்க ஒன்று வேண்டும் என்று பூவாரிலிருந்து கேட்டு வந்தார்கள். பூங்காவில் அதற்கு வேறு விசிறி வைத்துப் பார்க்கிறார்கள். முதல் தகட்டைப் பார்த்தபோது நீ கேட்டது ஞாபகம் இருக்கிறது: "எலே, எனக்க பேரெழுத இடம் இல்லியோ?"

"அடுத்த தகட்டுல போடலாம் மக்கா."

நீ அப்புறம் கேட்கவில்லை. போன மழையில் நெஞ்சுவலி வந்து போய்விட்டாய். அடுத்த தகடுதான் நேற்று வந்தது.

இன்று காலை அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவியிடம் அந்த ஒரு சொல்லை இரண்டு பாஷையிலும் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

"அவருக்குத் தெரியும் அண்ணே. முதல் தகடு கண்ட அண்ணைக்கே மலையாளம் படிச்ச எங்க மோளு அர்த்தம் சொல்லிக்குடுத்தா. 'அவனா வந்து சொல்லட்டு'ன்னு இருந்தாரு. நீங்க வரல்ல."

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "என்ன வேணும்னு நீ சொல்லு தங்கச்சி. அப்படியே எழுதித் தாறேன்" என்றேன்.

"அழுதுட்டு போயிருவீங்கன்னாக்கும் நினைச்சேன்" என்றாள். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். எதிலும் நான் பேரம் பேசவில்லை. அந்தத் தகட்டை உருக்கப் போடவில்லை. சட்டைப் பையில் இருக்கிறது, குனியும்போதெல்லாம் நெஞ்சில் குத்துகிறது.

நாளை பூங்கா ஆபீஸில் எழுத்து. கண்டுபிடித்தவன் நீ ஒருவன். வருவதில் உன் வீட்டுக்குப் பாதி. தகடு தமிழிலும் மலையாளத்திலும். மழைக்காலத்தில் அம்பூரி ஷீட்டை நான் தரம் இறக்கி வாங்கக்கூடாது. எப்போது முதல் என்று கேட்டாள். நாளை முதல் என்றேன். அவகாசம் கேட்கவில்லை.